பெண்ணியக் கவுன்சலிங்கில் ஆண் கவுன்சலர்: கவனிக்க வேண்டியவை

ஆணுக்கு ஒரு அளவுகோல், பெண்ணுக்கு ஒரு அளவுகோல் என்று வைக்காமலிருப்பது பாலினப் பாகுபாடற்ற சிகிச்சை. கவுன்சலிங்குக்கு வந்தவரின் துன்பத்தில் வீடும் வேலையிடமும் தரும் அழுத்தம் எவ்வளவு என்று அவரோடு சேர்ந்தே பிரித்துப் பார்ப்பது பெண்ணியச் சிகிச்சை. முன்னது எல்லாக் கவுன்சலருக்கும் கட்டாயம். பின்னதை ஆண் செய்யலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. செய்வதென்றால் முதலில் தன் அளவுகோலைச் சோதிக்க வேண்டும். 1970இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் புரோவர்மன் குழுவின் ஆய்வில், மனநல நிபுணர்கள் 'ஆரோக்கியமான மனிதர்' என்று வர்ணித்தது ஏறக்குறைய ஆணைத்தான். பெண் நிபுணர்களும் அப்படியே சொன்னார்கள்.

முதல் அமர்விலேயே கட்டணம், சிகிச்சை முறை, குறிப்புகளை யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். பெண் கவுன்சலர் வேண்டுமென்றால் எப்போதும் மாறலாம் என்பதையும் சொல்லுங்கள். யாரிடம் அனுப்புவது என்று முன்பே முடிவு செய்து வையுங்கள். கேட்டால் காரணம் விசாரிக்காதீர்கள்.

வந்தவரின் அனுமதியோடு ஓர் அமர்வைப் பதிவு செய்து, ஏதாவது பத்து நிமிடத்தைக் கேளுங்கள். எத்தனை முறை குறுக்கே பேசினீர்கள், கேள்வி கேட்குமுன் எத்தனை முறை யோசனை சொன்னீர்கள் என்று தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். பெரும்பாலும் கூச்சமாக இருக்கும். அந்தத் தாளைப் பெண் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். உங்களுக்குப் பாடம் எடுப்பது வந்தவரின் வேலையல்ல.

காப்பாற்ற வந்தவராக மாறுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வந்த பெண்ணின் கணவர் மீது நீங்கள் கோபப்பட்டால், அந்தப் பெண்ணே கணவருக்காக வாதாடத் தொடங்குவார். அடுத்த வாரம் பாதியை மறைப்பார். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?" என்பது குற்றச்சாட்டாகவே காதில் விழும். "கிளம்பினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அடி உதை பற்றிக் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாக விசாரியுங்கள். அது தொடரும்வரை தம்பதி அமர்வு வேண்டாம்: அறையில் சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும்.

ஆண் கவுன்சலரால் அதிகம் சாதிக்க முடிவது, என் கணிப்பில், ஆண்களிடம்தான். "அவ வேலைக்குப் போனதிலிருந்துதான் சார் சண்டை" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நீங்களும் சிரித்தால் அது சம்மதம். சும்மா இருந்தாலும் சம்மதம்தான். பிரசங்கம் செய்தால் அடுத்த முறை வரமாட்டார். நேற்று காலை எழுந்தது முதல் யார் யார் என்ன வேலை செய்தீர்கள் என்று மணிவாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக் கணக்கு வருவதற்குள் அவரே தடுமாறுவார். அங்கே அவசரப்படாமல் காத்திருங்கள்.