பூனையின் அரிப்பு அடங்கிய விதம்

எங்கள் பூனை தலையையும் கழுத்தையும் ரத்தம் வரச் சொறிந்துகொண்டே இருந்தது. மருத்துவர் முதலில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டார்; அது இல்லையென்று தெரிந்தால்தான் உணவு ஒவ்வாமையைச் சந்தேகிக்க முடியுமாம். ரத்தப் பரிசோதனையை இதற்கு நம்ப முடியாது என்றார். அப்புறம், ஒவ்வாமையைத் தூண்டாதபடி புரதத்தை நுண்துகள்களாகச் சிதைத்துத் தயாரித்த உணவு மட்டும், குறைந்தது 8 வாரம். பழையதோடு கலந்து மெல்ல மாற்றினோம். புது உணவை ஒதுக்கிவிட்டுப் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரல் கெடும். பூனைகூடப் பரவாயில்லை, வீட்டாரைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாடு! ஒரு துண்டு மீனோ சுவையூட்டிய மாத்திரையோ போதும், சோதனை வீண். அரிப்பு அடங்கியதும் வேகவைத்த கோழியை மட்டும் சேர்த்துப் பார்த்தோம். சில நாளிலேயே மறுபடி சொறிந்தது. சரி, கோழிதான். இப்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை. ‘மீன் சுவை’ என்று போட்டிருப்பவை சிலவற்றிலும் கோழி இருக்கிறது.