புதுப் பித்தளைக்குப் பழமை நிறம் ஏற்றுவது எப்படி?

பழைய மர அலமாரியில் புதுப் பித்தளைக் கைப்பிடியைப் பொருத்தினால், அதன் மஞ்சள் பளபளப்பு மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். காற்றும் ஈரமும் கைவியர்வையும் பல ஆண்டுகளில் ஏற்றுகிற மங்கலான பழுப்பையும் பச்சைக் களிம்பையும் அமோனியா, வினிகர், உப்பு ஆகியவற்றைக் கொண்டு ஓரிரு நாளில் வரவழைத்துவிடலாம். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். நிறம் மாறுவது பெரும்பாலும் அதிலுள்ள செம்பினால்தான். களிம்பு நஞ்சு என்பதால், உண்ணவும் பருகவும் பயன்படும் பாத்திரங்களில் இதைச் செய்யவே கூடாது.

முதலில் பொருள் உண்மையிலேயே பித்தளைதானா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு, மேலே இருப்பது வெறும் முலாம். அடுத்து, கடையில் விற்கும் பித்தளைச் சாமான்கள் பலவற்றின் மீது கறுக்காமல் இருப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூச்சு இருக்கும். அதை நீக்காதவரை எந்தத் திரவமும் உலோகத்தைத் தொடாது. அசிட்டோனில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சு கரைந்து வந்துவிடும்.

இரண்டாவது படி, சுத்தம் செய்வது. வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 400 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பினால் கழுவிய பின் குழாய் நீரை அதன் மீது ஓடவிடுங்கள். நீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. மெல்லிய ஏடாகப் பரவினால்தான் சுத்தம். அதன்பின் வெறும் கையால் தொடாதீர்கள். நான் ஒருமுறை அலட்சியமாகக் கையுறையின்றி எடுத்து வைத்த கைப்பிடியில், பழுப்பு நிறத்தின் நடுவே என் கட்டைவிரல் ரேகை வரிவரியாக மஞ்சளாகவே நின்றுவிட்டது.

மூன்றாவது படி, ஆவி பிடிப்பது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் அடியில் சிறு கிண்ணத்தில் நாலைந்து தேக்கரண்டி அமோனியாத் திரவத்தை ஊற்றி, பித்தளைப் பொருளை நூலில் கட்டி அதற்கு மேலே தொங்கவிட்டு மூடிவிடுங்கள். நிறம் ஏற்றுவது ஆவிதான். திரவம் நேரடியாகப் பட்டால் திட்டுத்திட்டாகிவிடும். மணிக்கு ஒருமுறை வெளியிலிருந்தே கவனித்து, விரும்பிய நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். இதைத் திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்துதான் செய்ய வேண்டும். பிளீச்சிங் கலந்த எந்தப் பொருளும் அமோனியாவுக்கு அருகில் வரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோராமைன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. அழுத்தி வளைத்து உருவாக்கிய மெல்லிய பித்தளையையும், பாரம் தாங்கும் பாகங்களையும் அமோனியாவில் வைக்காதீர்கள். பிரிட்டிஷ் படையினர் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகளில் தாமாகவே விரிசல் விழுந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் உலோகத்துக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல்தான் தெளிவானது.

பச்சை வேண்டுமென்றால் வழி வேறு. ஒரு கோப்பை வினிகரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மரத்தூளை அதில் பிசுபிசுக்கும் அளவுக்கு நனைத்து, பொருளை அதற்குள் புதைத்து ஓர் இரவு மூடி வைக்கவும். தூள் ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் மாறிமாறி வருவதால் களிம்பு இயல்பாகப் பூத்ததுபோல் இருக்கும். தூரிகையால் பூசி இந்தத் தோற்றத்தைக் கொண்டுவர என்னால் முடிந்ததில்லை.

நிறம் வந்த பின் நீரில் அலசுங்கள். வினிகர் பட்ட பொருளாக இருந்தால், சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் அமிலம் அடங்கும். துணியால் தேய்க்காமல் தானாக உலர விடவும். ஈரத்தில் தெரிந்த நிறம் காய்ந்ததும் சற்று வெளிறும். ஒரு நாள் கழித்து, கை அதிகம் படும் விளிம்புகளை மட்டும் மெல்லிய எஃகு நாரால் லேசாக உரசி மஞ்சளை வெளிக்கொணர்ந்து, மேலே தேன்மெழுகை மெல்லிதாகப் பூசி மெருகேற்றுங்கள். வெளிறிய நிறம் மெழுகு பட்டதும் மீண்டும் ஆழமாகும் என்பதால், மெழுகைப் பூசிப் பார்க்கும் முன் நிறம் போதவில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.