கடித்தது எது? தேடத் தொடங்கும் முன்பே நாம் அழித்துவிடும் தடயங்கள்

காலையில் எழுந்தால் முழங்கையில் மூன்று தடிப்பு, கழுத்தில் ஒன்று. வீட்டில் உடனே பஞ்சாயத்து கூடும். "கொசுதான்" என்பார் ஒருவர். "மூட்டைப்பூச்சி வந்துடுச்சு" என்பார் இன்னொருவர். பாட்டி இருந்தால் "பூரான் ஊர்ந்திருக்கும், மஞ்சள் அரைச்சுப் போடு" என்பார். அடுத்த அரை மணி நேரத்தில் மளிகைக் கடையிலிருந்து ஸ்பிரே டப்பா வந்து, வீடெல்லாம் மருந்து நெடி. மறுநாள் காலையில் மறுபடியும் தடிப்பு. இத்தனை களேபரத்தில், கடித்தது எது என்று யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

பூச்சியைப் பிடித்துப் பார்க்காமல் செய்வதெல்லாம் ஊகம். அந்த ஊகத்திலும் சில தவறுகள் வீட்டுக்கு வீடு அப்படியே நடக்கின்றன.

தடிப்பை வைத்தே தீர்ப்பு எழுதுவது

கடித்த இடம் வீங்கி அரிப்பது பூச்சியின் எச்சிலுக்கு நம் உடல் காட்டும் எதிர்ப்பு. அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மெத்தையில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு முதுகெல்லாம் தடித்திருக்கும், மற்றவருக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. "என்னைக் கடிக்கலையே, உனக்கு உடம்புச் சூடு" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் இருவரையும்தான் கடித்திருக்கும். மூட்டைப்பூச்சிக் கடிக்குச் சிலருக்குச் சில மணி நேரத்தில் தடிக்கும், சிலருக்குப் பல நாள் கழித்துத் தடிக்கும், சிலருக்குத் தடிக்கவே தடிக்காது. அதனால்தான் வெளியூர் லாட்ஜில் வாங்கிய கடிக்கு, ஊர் திரும்பிய பிறகு வீட்டு மெத்தை பழி சுமக்கிறது.

"வரிசையாக மூன்று இருந்தால் மூட்டைப்பூச்சி" என்ற விதியையும் நம்ப வேண்டாம். மூட்டைப்பூச்சி கன்னாபின்னாவென்றும் கடிக்கும். தெள்ளுப்பூச்சி வரிசையாகவும் கடிக்கும். தோல் மருத்துவரே தடிப்பை மட்டும் பார்த்து எந்தப் பூச்சி என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

தடிப்பின் வடிவத்தைவிட, அது வந்த இடமும் நேரமும்தான் உதவும். கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் மட்டும் என்றால் தெள்ளுப்பூச்சியை நினையுங்கள், வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கட்டாயம். தூக்கத்தில் போர்வைக்கு வெளியே இருந்த கை, கழுத்து, முகம் என்றால் மூட்டைப்பூச்சி அல்லது கொசு. பகலில், மேசைக்கு அடியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும்போது என்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவாக இருக்கலாம். அதற்குப் பகல்தான் வேட்டை நேரம். இவை துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

கண்ட உடனே நசுக்குவது

கை தானாகப் போய்விடும், புரிகிறது. ஆனால் நசுங்கிய பூச்சியிடமிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் மிஞ்சாது. என் கணக்கில் இந்த வேலைக்கு ஸ்பிரேயைவிட செல்லோ டேப் நல்ல கருவி. சின்னப் பூச்சியின் மேல் மெல்ல ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டிவிடலாம். கொஞ்சம் பெரிதாக இருந்தால் காலி மாத்திரை டப்பாவுக்குள் தள்ளி, நாலு நாள் ஃப்ரீசரில் வைத்தால் உருக்குலையாமல் செத்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுங்கள். ஸ்கேல் இல்லாத படத்தில் எல்லாப் பூச்சியும் பூதமாகத் தெரியும்.

பிறகு கால்களை எண்ணுங்கள். ஆறு என்றால் பூச்சி. எட்டு என்றால் உண்ணி, சிற்றுண்ணி, சிலந்தி வகை; உண்ணி, சிற்றுண்ணிக் குஞ்சுகளுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும். அடுத்து, உடல் எப்படித் தட்டையாக இருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து அமுக்கியதுபோல் தட்டையாக, இறக்கை இல்லாமல், செம்பழுப்பாக, ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வளர்ந்த மூட்டைப்பூச்சி. அதன் குஞ்சு வெளிறி, ரத்தம் குடிக்காதபோது கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான். பக்கவாட்டில் தட்டையாக, இரண்டு மூன்று மில்லிமீட்டரில், தொட்டால் எகிறிக் குதித்தால் தெள்ளுப்பூச்சி. விரலால் நசுக்கினால் சட்டென்று சாகாத அளவுக்கு அதன் ஓடு கெட்டி.

நசுக்குவதால் தடயம் மட்டுமல்ல, தோலே கெட்டுப்போகும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. மழைக்காலத்தில், குறிப்பாக வயலை ஒட்டிய ஊர்களில், டியூப் லைட்டைச் சுற்றி ஒரு ஒல்லியான வண்டு வரும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, நடுவில் நீலம் மின்னும் குட்டை இறக்கை மூடி. பார்த்தால் எறும்பு என்றே தோன்றும். பெடரஸ் என்ற இந்த வண்டு நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்னும், உழவருக்கு நண்பன். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் அடித்துத் தேய்த்தால்தான் வினை. அதன் உடல்நீரில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். அப்போது ஒன்றும் தெரியாது. பாதி நாளுக்குப் பிறகோ மறுநாளோதான் எரிச்சல், சிவந்த கோடு, கொப்புளம் எல்லாம் வரும். அதற்குள் வண்டு நினைவிலிருந்தே போயிருக்கும். "ராத்திரி ஏதோ கடிச்சிருக்கு" என்று வீடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. முழங்கை மடிப்பில் பட்டிருந்தால் மடிப்பின் இருபுறமும் ஒரே மாதிரிப் புண் அச்சுப் போட்டிருக்கும். நல்ல அடையாளம் அது. 2022-இல் சிக்கிமில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் பலருக்கு ஒரே சமயத்தில் இப்படி வந்து, 'நைரோபி ஈ' என்ற பெயரில் செய்தியானது.

நம் ஊரில் இந்தப் புண்ணைப் பார்த்ததும் "அக்கி" என்று சொல்லி, காவி குழைத்து எழுதிக்கொள்ளப் போவார்கள். வண்டுப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறும், பெருமை காவிக்குப் போய்விடும். ஆபத்து அடுத்த முறை வருகிறது. உண்மையான அக்கி வைரஸால் வருவது. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக, பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே வலியோடு தொடங்கும். அதற்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்குவது நல்லது. அப்போதும் காவியை நம்பி உட்கார்ந்தால் அந்த நாட்கள் போய்விடும். ஆகவே வண்டு மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அல்லது தாளில் ஏற்றி விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

கையில் அகப்பட்டதைக் குற்றவாளி ஆக்குவது

தேடத் தொடங்கினால் எந்த வீட்டிலும் ஏதாவது ஒன்று அகப்படும். புத்தக அலமாரியில் வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் இராமபாணம் கடிக்காது. ஈரம் காயாத புதுச் சுவரில் மொய்க்கும் ஒரு மில்லிமீட்டர் புத்தகப் பேன் பூஞ்சையைத் தின்று வாழ்வது, அதுவும் கடிக்காது. கரப்பான் குஞ்சை மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையைத் தெருவில் போட்டவர்கள் இருக்கிறார்கள். நீண்ட மீசையும் வேகமான ஓட்டமும் இருந்தால் அது கரப்பான்.

கடிக்கும் பூச்சியே கிடைத்தாலும், அது எங்கே கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சியின் பெயரைப்போலவே அதன் இருப்பிடமும் முக்கியம்.

மெத்தையை மட்டும் புரட்டிப் பார்ப்பது

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களைக் கேளுங்கள், மூட்டைப்பூச்சி எங்கெல்லாம் இருக்கும் என்று பட்டியலே தருவார்கள். கட்டில் இணைப்பு, ஸ்க்ரூ துளை, சுவிட்ச் பெட்டி, பிரம்பு நாற்காலியின் பின்னல், திரைச்சீலை மடிப்பு, காலண்டருக்குப் பின்பக்கம். பூச்சி தெரியாவிட்டாலும் கரும்புள்ளிகள் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் அந்தப் புள்ளி பழுப்பாக இழுபட வேண்டும், அது செரித்த ரத்தம். உரிந்த தோல் கிடந்தாலும் சந்தேகம் வேண்டாம்.

இங்கே இணையத்தில் படித்த ஒரு யோசனை காலை வாரிவிடும். கட்டில் கால்களை வழவழப்பான கிண்ணத்தில் வைத்தால் பூச்சி ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். குளிர் நாடுகளின் மூட்டைப்பூச்சிக்கு அது சரி. நம் பக்கம் அதிகம் இருப்பது வெப்பநாட்டு இனம். வழுக்கும் பரப்பில் அது மற்றதைவிட நன்றாக ஏறும். வெறும் கிண்ணத்தில் ஒன்றும் விழவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். எறும்புக்குச் செய்வதுபோலக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்புத் திரவமும் விடுங்கள்.

படுக்கையில் ஒன்றுமே இல்லை, கடி மட்டும் நிற்கவில்லை என்றால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். ஏசி வெளிப்பெட்டியின் மேல் புறாக் கூடு இருக்கிறதா? கூட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த சிற்றுண்ணிகள் வாழும். குஞ்சுகள் பறந்த பிறகு ரத்தம் தேடி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். மனித ரத்தத்தை நம்பி அவற்றால் நீடித்து வாழ முடியாது. ஆனால் அதற்குள் நம்மைப் படுத்திவிடும். காலியான கூட்டை அகற்றி அந்த இடத்தைத் துடைத்தால் போதும், மெத்தைக்கு மருந்து அடிப்பது வீண் செலவு. பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் குடியேறிய அன்றே காலைக் கடிக்கிறதென்றால் தெள்ளுப்பூச்சி. அதன் கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் இருந்து, நம் நடையின் அதிர்வும் உடல் சூடும் பட்டதும் வெளியே வரும். வெள்ளைச் சாக்ஸ் போட்டு அறையில் நடந்து பாருங்கள், கருப்பாக ஒட்டும்.

பெயர் தெரியும் முன் மருந்து

மூட்டைப்பூச்சிக்குப் பல மருந்துகள் பழகிவிட்டன. டிடிடிக்கு அடங்காத மூட்டைப்பூச்சி 1940-களிலேயே தெரிய வந்தது. புகை மருந்து இடுக்குக்குள் போகாது. பூச்சியை அடுத்த அறைக்கு விரட்டத்தான் பயன்படும். ஐம்பது டிகிரி சூட்டில் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். விரிப்பையும் துணியையும் கொதிநீரில் ஊறவைப்பதற்கு ஈடான ஸ்பிரே இல்லை.

நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் அங்கங்கே இருக்கிறது. இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டும்: காற்றின் ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் வாயுவை விடும், மனிதர் சாவார்கள். அடுத்த வீட்டில் தூங்குபவரும் சாகலாம்.

தேடுபொறி காட்டும் முதல் படத்தை நம்புவது

கைபேசிச் செயலிகள் நிறைய அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகியவை. கடிபட்ட புண்ணைக் காட்டினால் 'பிரௌன் ரெக்லூஸ்' சிலந்தி என்று சொல்லும். அது வட அமெரிக்கச் சிலந்தி, மதுரைச் சமையலறைக்கு வராது. ஏதோ ஒரு பழுப்புப் பூச்சிக்கு 'கிஸ்ஸிங் பக்' என்று பெயர் சொல்லி, சாகஸ் நோய் என்று மிரட்டும். அந்த நோய் பூச்சியால் பரவுவது அமெரிக்கக் கண்டங்களில். பிடித்த பூச்சியை டப்பாவோடு வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டிக் கேட்பது மேல். படித்தவர் கண்ணுக்கு ஒரு நிமிட வேலை.

பூச்சியே இல்லாத இடத்தில் பூச்சியைத் தேடுவது

இரவில் அரிப்பு, விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில். வீட்டில் ஒவ்வொருவராகச் சொறிகிறார்கள் என்றால் அது சொறி நோய். தோலுக்குள் வளை தோண்டும் அந்தச் சிற்றுண்ணியை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகும். அதற்குள் வீட்டில் பலருக்கும் போயிருக்கும். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒருவர் விட்டாலும் திரும்ப வரும்.

மாதக்கணக்கில் எதுவும் அகப்படாமல், தோலுக்கடியில் ஊர்கிறது என்று ஒருவர் நூலையும் தோல் துணுக்கையும் டப்பாவில் சேர்த்து வைத்துக் காட்டினால், கிண்டல் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவருக்கு அந்த ஊரல் உண்மையாகவே இருக்கிறது. சத்துக்குறைவு முதல் மனநலம் வரை காரணம் பலவாக இருக்கலாம்.

காய்ச்சல் வந்துவிட்டால் தேடலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதும் ஸ்கரப் டைபஸ் தமிழ்நாட்டில் மழையும் குளிருமான மாதங்களில் அதிகம் வருகிறது. இதைத் தருவது நாயின் மேல் இருக்கும் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, கடித்ததும் தெரியாது. ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை, மார்பின் அடிப்பக்கம் என்று நாமே பார்க்காத இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வராது. இல்லை என்பதற்காகக் காய்ச்சலை விட்டுவிடவும் கூடாது. டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் குணமாகிற நோய். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். மருத்துவர் சட்டையைக் கழற்றிப் பார்க்காவிட்டால், கூச்சப்படாமல் நீங்களே அந்தப் பொருக்கைக் காட்டுங்கள்.