காய்ந்து இறுகிய தொட்டி மண்ணை மீட்ட விதம்

மாடியில் உள்ள கறிவேப்பிலைச் செடி, நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் சித்திரை வெயிலில் வாடிக்கொண்டே இருந்தது. ஊற்றிய நீர் உடனே அடித்துளை வழியாக வெளியேறியது. மண்ணைக் கிளறினால் உள்ளே வெறும் புழுதி. தென்னை நார்க்கழிவு கலந்த மண் முற்றிலும் காய்ந்தால் சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். அந்த இடுக்கு வழியே ஓடும் நீர் வேர்களை எட்டுவதே இல்லை. ஆகவே தொட்டியை அகலமான அன்னக்கூடைக்குள் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மேல்மண் ஈரத்தால் கருநிறமாகும்வரை ஏறத்தாழ அரை மணி நேரம் விட்டு, பிறகு நன்றாக வடியவிட்டேன். தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும் என்பதால் வடியவிடுவது மிக முக்கியம். இப்போது விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், காலை வேளையில், சற்று இடைவெளி விட்டு இரு தவணையாக ஊற்றுகிறேன். கிளைநுனிகளில் புதுத் தளிர்கள் வந்துள்ளன.