வரிசையில் நின்றால் மட்டும் சூடேறிய இயந்திரம்

சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்தால் மட்டும் என் மோட்டார்சைக்கிளின் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரியும், விரைவுச்சாலையில் அணைந்துவிடும். காற்றாடி ஒழுங்காகச் சுழன்றது. வெப்பத்தைச் சீராக்கும் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றியும் பயனில்லை.

தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையின் விளிம்பில் பச்சைப் பொருக்கு காய்ந்திருந்தது. உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால்தான் அங்கே கூலண்ட், அதாவது இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம், கசியும். சூட்டில் உலர்ந்துவிடுவதால் தரையில் தடமே இல்லை.

இயந்திரம் முற்றிலும் ஆறியபின் பழைய கூலண்டை வடித்து, சீலை மாற்றி, காய்ச்சி வடித்த நீரால் அலசினேன். சில கூலண்டுகளில் கலந்திருக்கும் சிலிக்கேட் பம்ப் சீலைத் தேய்க்கக்கூடும் என்பதால், கையேடு சொன்னபடி அது கலவாத எத்திலீன் கிளைக்கால் கூலண்டையே ஊற்றினேன். உறைபனி காணாத சிங்கப்பூரிலும், கொதிநிலையை உயர்த்தவும் துருவைத் தடுக்கவும் கூலண்ட் வேண்டும். மூடியைத் திறந்தபடி இயந்திரத்தை ஓடவிட்டு, வண்டியை இருபுறமும் மெல்லச் சாய்த்ததும், சிக்கியிருந்த காற்று குமிழ்குமிழாக வெளியேறி, மட்டம் சட்டெனக் கீழிறங்கியது. மீண்டும் நிரப்பினேன், விளக்கு எரிவதில்லை, நிம்மதி.