எம்பி பேசின கிளிப் வந்தா முதல் என்ன செய்யோணும்?

போன மாசம் எங்கட குரூப்ல 38 செக்கன் வீடியோ ஒண்டு வந்திச்சு, எம்பி ஒராள் பாராளுமன்றத்தில ஒரு சமூகத்தைக் கேவலமாக் கதைக்கிறார் எண்டு. திருகோணமலை பஸ் ஸ்டாண்டடித் தேத்தண்ணிக் கடையில இருந்தபடியே நானும் ஃபோர்வேர்ட் பண்ணிட்டன். பிறகு ஹன்சாடை, அதாவது பாராளுமன்றத்தில பேசினதை அப்பிடியே எழுதி வைக்கிற பதிவை எடுத்துப் பாத்தா, மனுசன் இன்னொராள் சொன்னதை வாசிச்சுக் காட்டி அதைக் கண்டிச்சிருக்கிறார், அந்தத் துண்டை வெட்டிப்போட்டாங்கள். வெக்கமாப் போச்சு.

அதால முதல் ஹன்சாட். பாராளுமன்ற வெப்சைட்ல திகதியைப் பாத்து எடுக்கலாம், ஆள் பேசின மொழியிலயே கிடக்கும், சிங்களம் எண்டா தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்து வாசிப்பியுங்கோ.

அடுத்தது எங்க நிண்டு பேசினவர் எண்டது. சபைக்குள்ள எண்டா 1953ம் ஆண்டு 21ம் இலக்கப் பாராளுமன்றச் சிறப்புரிமைச் சட்டம் காப்பாத்தும், கோர்ட்டுக்கு இழுக்கேலாது. அதே வசனத்தைக் கடற்கரை மேடையில, இல்லாட்டி பேஸ்புக்ல சொன்னா அந்தப் பாதுகாப்பு இல்லை, 2007ம் ஆண்டு ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின்ட, இன மத வெறுப்பைத் தூண்டுறதைத் தடுக்கிற 3ம் பிரிவு பாயலாம், 10 வருசம் வரை மறியல், பிணையும் மேல் நீதிமன்றத்திலதான். ஆனா கண்டதுக்கெல்லாம் அதைத் தூக்காதீங்கோ, 2019ல சிறுகதை எழுதின சிங்கள எழுத்தாளர் ஒராளை 4 மாசம் உள்ள வச்சதும் இதே சட்டம்தான்.

பிறகு அது வெறுப்புப் பேச்சோ எண்டு எடைபோட்டுப் பாருங்கோ. 2012ல ஐநா பக்கத்தால மொரோக்கோவின்ட ரபாத் நகரத்தில ஆக்கின திட்டத்தில அதுக்கு 6 கேள்வி இருக்கு: நாட்டு நிலைமை என்ன, பேசினது ஆர், நோக்கம் என்ன, என்னத்தை எப்பிடிச் சொன்னவர், எவ்வளவு தூரம் பரவினது, அதால அடிதடி வருமா. "அமைச்சர் கள்ளன், ஆமி காணியை விடுதில்லை" எண்டா ஆருக்குச் சுட்டாலும் அது வெறுப்புப் பேச்சில்லை. "இந்தச் சனத்தின்ட கடைக்குப் போகாதீங்கோ, அடிச்சு விரட்டுங்கோ" எண்டா வேற கதை, அதுவும் எம்பி வாயால வந்தா கேக்கிறவன் கல்லெடுப்பான்.

வெளியில பேசினதுக்கு லிங்க், ஸ்கிரீன்ஷொட்டோட பொலிசில முறைப்பாடு. சபைக்குள்ள பேசினதுக்கு எங்கட மாவட்டத்து 4 எம்பிமாரில ஒராளுக்கு ஹன்சாட் திகதி, பக்க நம்பரோட எழுதி, சபாநாயகரிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கோ, ஹன்சாட்ல இருந்து நீக்கச் சொல்ல அவரால ஏலும். தண்டனை காணாதுதான். அதுக்காகச் சிறப்புரிமையையே தூக்கோணும் எண்டு நிக்கிறாக்களோட எனக்கு ஒத்துவராது, காணாமல் போனாக்களின்ட கதையை எங்கட எம்பிமார் அங்க துணிஞ்சு கதைக்கிறதும் இந்தக் கவசத்தாலதானே.

என்ட குரூப்ல அந்த 38 செக்கனை அழிச்சுப்போட்டு முழுப் பேச்சையும் போட்டன். 3 பேர்தான் பாத்தவை.