மங்காவை நம்பி மலையேறப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'யாமா நோ சுசுமே' என்ற மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், வரும் மலைகள் கற்பனை அல்ல. கதை நடக்கும் ஹன்னோ நகரம் டோக்கியோவை அடுத்த சைதாமா மாகாணத்தில் இருக்கிறது. அங்குள்ள தென்ரான்சான் என்ற குன்றில் தொடங்கி தகாவோ, மித்சுதோகே, ஃபுஜி, தனிகாவா என்று கதை நகரும் வரிசையிலேயே ஏறிப் பார்க்க விரும்பிப் பலரும் கிளம்புகிறார்கள். ஆரம்ப நாட்களில் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். காலணி, குடிநீர், மழைச்சட்டை பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது.

தென்ரான்சானை வைத்து உடல் வலுவை எடைபோடுவது

அதன் உயரம் 197 மீட்டர். தனிகாவாவின் உயரம் 1977 மீட்டர்.

ஒரே இரவில் ஃபுஜி

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பகலெல்லாம் டோக்கியோவில் இருந்துவிட்டு, பேருந்தில் ஏறி ஏறத்தாழ 2300 மீட்டர் உயரத்தில், நடைப்பயணம் தொடங்கும் இடமான ஐந்தாம் நிலையத்தில் இறங்கி, மலைக்குடிலில் தங்காமல், இரவு முழுதும் நடந்து 3776 மீட்டர் உச்சியில் சூரிய உதயத்தைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஜப்பானியர் இதற்குத் 'தங்கான் தொசான்', அதாவது துப்பாக்கிக்குண்டு மலையேற்றம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் அதற்குப் பழகச் சில மணி நேரமாவது தேவை.

ஒரு கோடையில், மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரு திருப்பத்தில், ஓர் இளைஞர் பாதி தின்ற ஒனிகிரியை (சோற்று உருண்டையை) கையில் பிடித்தபடி பாறையில் சாய்ந்து கிடந்தார். உதடு வெளுத்திருந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். நண்பர்கள் ஆக்சிஜன் டப்பாவை அவர் மூக்கில் வைத்து அழுத்திவிட்டு, "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று தேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். தலைவலியோடு வாந்தியும் வந்துவிட்டால் கீழே இறங்குவது ஒன்றுதான் வைத்தியம் என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகஸ்ட் மாதத்திலும் உச்சியின் சராசரி வெப்பநிலை ஆறு டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருப்பது தனி ஆபத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், மங்காவின் நாயகி அவோயே முதல் முயற்சியில் உயர நோய் கண்டு உச்சியைத் தொடாமல் திரும்புகிறாள். வாசகர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு உதயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

2025 முதல் நான்கு பாதைகளிலும் 4000 யென் கட்டணம் உண்டு. குடிலில் முன்பதிவு இல்லாதவர்களைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு அதிகாலை மூன்று மணி வரை மேலே விடுவதில்லை. ஆனாலும் ஒன்றரை மணிக்கு நுழைந்து, குடில் இல்லாமலேயே இரவைக் கழிக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் நிலையத்தில் ஒரு மணி நேரமாவது காத்திருந்து, பிறகு மெதுவாக ஏறிக் குடிலில் தங்குங்கள். குடிலை அடைந்ததும் படுத்துவிட வேண்டாம்; உறக்கத்தில் மூச்சு ஆழம் குறைவதால் தலைவலி கூடும்.

தனிகாவாவை உயரத்தை வைத்து மதிப்பிடுவது

இரண்டாயிரம் மீட்டரைக்கூட எட்டாத இந்த மலையில் 1931 முதல் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் செங்குத்துப் பாறைச் சுவர்களில் ஏறியவர்கள் என்பது உண்மைதான். ஆனால் கம்பிவட வண்டியில் போய்த் தென்ஜின் முகடு வழியாக நடப்பவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. காலடிகளால் மழமழவென்று தேய்ந்த பாறைகள் ஈரத்தில் வழுக்கும். வானிலையும் சட்டென்று மாறும். மேகம் இறங்கினால் திரும்பிவிடுங்கள்.

வரைபட நேரத்தில் ஓய்வும் அடக்கம் என்று எண்ணுவது

மலையேற்ற வரைபடத்தில் குறித்திருக்கும் நடை நேரத்தில் ஓய்வு அடக்கம் இல்லை. நவம்பரில் இந்த மலைகள் உள்ள பகுதியில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்.

கரடி மணியை அலங்காரப் பொருள் என்று நினைப்பது

பையில் தொங்கவிடும் அந்த மணி, ஆள் வருவதைக் கரடிக்கு உணர்த்துவதற்கானது. ஹன்னோவைச் சுற்றியுள்ள காடுகளிலும் கரடி உண்டு.